தோளில் வந்த வலி

தோள்பட்டை வலித்தால் அடிவயிற்றை நினைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பெண் உடம்பின் உள்பாகம் வரைந்த படம் அந்த வருடத்துப் புத்தகத்தில் இருந்தது. டீச்சர், "இத வீட்டுல படிச்சுக்கோங்க" என்று சொல்லி இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். வீட்டில் யார் படிப்பது? பரீட்சையிலும் வரவில்லை. அந்தப் படத்தை மறுபடி நான் பார்த்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், வயிற்றில் தையலோடு.

என் வயிற்றுக்குள் ஒரு கருக்குழாய் வெடித்தது. ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே கொட்டிச் சாகக் கிடந்து பிழைத்தேன். குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து பல வருடம் கழித்து இப்படி வந்தது. ஆபரேஷன் ஆயிருச்சு, இனி நமக்கென்ன என்று இருக்கிறவர்கள் என் தெருவிலேயே நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு, பேச்சியம்மாளுக்கு வேற வேலை இல்லை என்று சிரித்தாலும் சரி.

எங்கள் வீடு ராஜபாளையத்தில். என் வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டர். நான் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் துணி வெட்டி மடிக்கிற வேலை பார்க்கிறேன். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் கார்த்திகா, இளையவள் மீனா. மீனா பிறந்த கையோடு ஆபரேஷன் செய்துகொண்டேன். அவருடைய அக்கா ராமுத்தாய் மதினிக்கு அதில் இன்றுவரை வருத்தம். "ஒரு ஆம்பளப் புள்ளையப் பாக்காம கதவச் சாத்திட்டீயளே" என்று எந்த விசேஷத்திலாவது சொல்லிக் காட்டாமல் இருக்க மாட்டாள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றுக்கும் பயம். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். அவர் மில்லிலிருந்து வரச் செத்த நேரம் ஆனால் ரோட்டில் என்னவோ ஆகிவிட்டது என்று நெஞ்சு அடிக்கும். இவ்வளவு பயப்படுகிறவள், பயப்பட வேண்டிய இடத்தில் வேறு ஒன்றுக்குப் பயந்துவிட்டேன்.

கார்த்திகா பெரியவளாகியிருந்தாள். சடங்குக்கு மண்டபம் பிடித்து, வாசலில் வைக்க அவள் படம் போட்ட ஃப்ளெக்ஸும் அடித்தாயிற்று. வத்திராயிருப்பிலிருந்து என் தம்பி குருசாமி தாய்மாமன் சீர் கொண்டுவர வேன் பேசியிருந்தான். அந்த மாதம் எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. முப்பத்தைந்து வயதாகிறது, நிற்கிற காலம் சீக்கிரமே வருகிறதோ என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்க வழியில்லை, ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே. சடங்கு நெருங்கும்போது லேசாகக் கசிய ஆரம்பித்தது. கறுப்பாக, கொஞ்சமாக. அடிவயிற்றில் வலது பக்கம் யாரோ விரலால் அழுத்திப் பிடித்திருப்பதுபோல ஒரு வலி.

எங்கள் பக்கத்தில் தீட்டு என்றால் ஒதுங்கி உட்கார வேண்டும். சடங்கில் பெற்றவள் கை படாமல் எப்படி? மதினியிடம் சொன்னால் மண்டபத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவாள். வந்தவர்கள் எல்லாம் காரணம் கேட்பார்கள். என் மகள் அம்மா எங்கே என்று தேடுவாள். நான் சொல்லவில்லை. துணியை இறுக்கி வைத்துக்கொண்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, மகள் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். குற்றம் செய்கிற மாதிரி கை நடுங்கியது. "ஏட்டி பேச்சி, எதுக்கு இப்படி நடுங்குத? மக வளந்துட்டாளேன்னு அழுகையா?" என்று மதினி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம்தான் தோள்வலி வந்தது. வலது தோளின் நுனியில், எலும்புக்குள் குத்துகிற மாதிரி. படுத்தால் கூடியது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் விட்டது. மதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்து தைலம் தேய்த்துவிட்டாள். "அம்புட்டு அண்டா ஏனத்தையும் நீ ஒருத்தியே தூக்குனா பிடிக்காம என்ன செய்யும்? நாஞ் சொன்னா கேக்கியா" என்று ஏசிக்கொண்டே தேய்த்தாள். கை பதமாகத்தான் இருந்தது. வலி மட்டும் அந்தக் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

மறுநாள் வாந்தியும் கிறக்கமும் வர, மதினி என்னைப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். வயதான டாக்டர், பொறுமையாகக் கேட்கிறவர்.

"கடைசியா எப்பம்மா பீரியட்ஸ் வந்துச்சு?"

மதினி என் முதுகில் கை வைத்து நின்றிருந்தாள்.

"போன மாசக் கடைசியில குளிச்சேன் டாக்டர்."

"ஒழுங்கா வருதா?"

"வருது."

"குடும்பக்கட்டுப்பாடு?"

"அதெல்லாம் எப்பமோ முடிச்சாச்சு" என்று மதினியே பதில் சொன்னாள்.

அவர் நான் சொன்னதை வைத்துத்தானே பார்க்க முடியும்? வயிற்றை அமுக்கிப் பார்த்து, சடங்குச் சாப்பாடு சேரவில்லையோ என்று மாத்திரை கொடுத்தார். "நாளைக்கும் வலி நிக்கலன்னா ஸ்கேன் எடுத்துரணும். விட்டுராதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். வெளியே வந்ததும் மதினி, "நாளைக்கு வில்லிபுத்தூர் கோயிலுக்குல்ல போறோம். சடங்கு முடிஞ்ச புள்ளையக் கூட்டிட்டுப் போயி கும்பிட்டுட்டு, பொறவு ஸ்கேன் பாப்போம்" என்றாள். நானும் சரி என்றேன். ஸ்கேனைவிட எனக்கு அந்தக் கோயில்தான் பயமாக இருந்தது. கசிவு நிற்கவில்லை. சடங்கில் நின்றதே பாவம், கோயிலுக்குள்ளும் போவதா?

அதனால் மறுநாள் கோபுரம் வரை போய், "எனக்குக் காலு வலிக்கி மதினி, நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் இங்கனயே இருக்கேன்" என்று வெளியே உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் ஏதோ அறுந்தது. அதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. அப்புறம் வலிகூடப் பெரிதாக இல்லை. காது அடைத்தது. வெயில் மங்கியது. உடம்பெல்லாம் குளிர்ந்த வேர்வை. செருப்புப் பார்த்துக்கொள்கிற அம்மாள் எழுந்து வந்து, "என்ன தாயி, ஒதடெல்லாம் வெளுத்துக் கெடக்கு?" என்று கேட்டது ஞாபகம். பதில் சொன்னேனா தெரியவில்லை.

கண் திறந்தபோது அரசு ஆஸ்பத்திரி. கையில் ஊசி, மேலே பாட்டில். கால் பக்கம் கட்டிலை உயர்த்தியிருந்தார்கள். கார்த்திகா தலையில் கோயில் பூ இருந்தது. சிஸ்டர் ஒருவர் எல்லோரையும் திரைக்கு வெளியே அனுப்பிவிட்டு என் காதருகே குனிந்தார்.

"அக்கா, இப்ப யாரும் இல்ல. நிஜமா சொல்லுங்க. கடைசியா எப்ப குளிச்சீங்க?"

"ரெண்டு மாசம் ஆகப் போகுது. இப்ப கொஞ்ச நாளா கசியுது."

"நேத்துப் பாத்த டாக்டர்ட்ட இதச் சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

நான் திரையைப் பார்த்தேன். திரைக்குக் கீழே மதினியின் கால் தெரிந்தது. சிஸ்டர் அதற்குமேல் கேட்கவில்லை.

ரப்பர் குழாய் விட்டுச் சிறுநீர் எடுத்து ஒரு பட்டையில் சொட்டுவிட்டார்கள். இரண்டு கோடு. ஸ்கேனில் கர்ப்பப்பை காலியாக இருந்தது. அதைச் சுற்றி வயிறு முழுக்க ரத்தம். டாக்டரம்மா வெளியே போய் அவரிடம் சொல்வது எனக்கே கேட்டது. "கர்ப்பம் டியூப்ல தங்கி வெடிச்சிருக்கு. உடனே வயித்தத் திறக்கணும். ரத்தம் ஏத்தணும். லேட்டாச்சுன்னா கஷ்டம்."

கர்ப்பம் என்ற வார்த்தைக்குப் பிறகு வெளியே ஒரு சத்தமும் இல்லை. சாகப் போகிறேன் என்பது ஒரு பக்கம். சடங்கு முடிந்த மகளை வைத்துக்கொண்டு தாய் கர்ப்பமாம் என்று ஊர் சிரிக்குமே என்பது இன்னொரு பக்கம். அவர் என்ன நினைக்கிறார்? ஆபரேஷன் செய்தவளுக்கு எப்படி என்று நினைக்கிறாரா? உள்ளே வந்து, டாக்டர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தள்ளிக்கொண்டு போகும்போது குருசாமி மட்டும் கூடவே ஓடிவந்து, "பயப்படாதக்கா, என் ரத்தம் சேருதாம்" என்றான்.

ஆபரேஷன் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூக்கில் எதையோ வைத்தார்கள், போய்விட்டேன். திரும்பி வந்தபோது தொண்டை வறண்டு, அடிவயிற்றில் தீப்பிடித்த மாதிரி இருந்தது. தோள்வலி மட்டும் காணாமல் போயிருந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு டாக்டரம்மா கட்டிலுக்கு வந்து, போனில் அந்தப் படத்தைக் காட்டினார். நான் புரிந்துகொண்டதை எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். கர்ப்பப்பை ஒரு கொய்யாக்காய் அளவு. அதன் இரண்டு தோளிலிருந்தும் இரண்டு குழாய், பென்சில் கனத்தில், கை விரித்த மாதிரி போகிறது. குழாயின் நுனியில் சேலை முந்தானைக் குஞ்சம்போல இழை இழையாக இருக்கும். அதன் பக்கத்தில் பாதாம்கொட்டை மாதிரி சினைப்பை, பக்கத்துக்கு ஒன்று. மாதத்துக்கு ஒரு முட்டை சினைப்பையிலிருந்து வெடித்து வரும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பொடி. குஞ்சம் அதை வாரிக் குழாய்க்குள் விடும். ஆணின் விந்தணு நீந்தி வந்து முட்டையைச் சேருவது குழாயில்தானாம், நான் நினைத்த மாதிரி கர்ப்பப்பையில் இல்லை. சேர்ந்த கரு சில நாள் மெல்ல நகர்ந்து கர்ப்பப்பைக்கு வந்து ஒட்டிக்கொள்ளும்.

குடும்பக்கட்டுப்பாட்டில் அந்தக் குழாயை வெட்டிக் கட்டிவிடுகிறார்கள். முட்டை அதற்குப் பிறகும் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருக்கும், வழியில்லாமல் உடம்பிலேயே கரைந்துபோகும். எப்போதாவது, யாரோ ஒருத்திக்கு, வெட்டிய முனைகள் மயிரிழை அளவு மறுபடி திறந்துகொள்ளும். அந்த இழையில் விந்தணு புகுந்துவிடும், அது அவ்வளவு சிறியது. சேர்ந்த கரு அதைவிடப் பெரிது, அந்த இழை வழியே திரும்பி வர முடியாது. அங்கேயே வளரும். கர்ப்பப்பை விரிகிற மாதிரி குழாய் விரியாது. அது கிழியும்.

"தோள் ஏன் டாக்டர் வலிச்சது?"

"உள்ள கொட்டுன ரத்தம், நீங்க படுக்கும்போது மேல ஏறி, வயித்துக்கும் நெஞ்சுக்கும் நடுவுல இருக்கிற தசையில படும். அந்தத் தசைக்குப் போற நரம்பும் தோளுக்குப் போற நரம்பும் கழுத்துல ஒரே எடத்துல இருந்து வருது. மூளைக்கு எடம் மாறித் தெரியும்."

மதினி கால்மாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா என்னிடம், "சடங்கு நேரத்துல கசிஞ்சதே, அப்பவே வந்திருக்கலாம்மா" என்றார். மதினியின் கை நின்றது. டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனதும் கேட்டாள்.

"ஏட்டி, சடங்கு அன்னைக்குமா கசிஞ்சுது?"

"ஆமா மதினி."

"அதான் கோயிலுக்குள்ளயும் வரலையா?"

"ஆமா."

"அந்தக் கெழட்டு டாக்டர்ட்டயும் நாங் கூட நிக்கேன்னுதான் பொய் சொன்னியாக்கும்."

மதினியின் கண் கலங்கியது. "நான் என்ன அம்புட்டுக் கொடுமைக்காரியா? சொல்லியிருந்தா வெளிய உக்கார வச்சிருப்பேன். சாகவா ஏட்டி விட்டிருப்பேன்?"

அது உண்மைதான். உட்கார வைத்திருப்பாள், சாக விட்டிருக்க மாட்டாள். எனக்கு இரண்டில் எது பெரிதென்று அன்றைக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா திரும்பி வரும் வழியில் மதினி எழுந்து நின்று கேட்டாள். "அம்மா, ஒண்ணு கேக்கேன். அது தீட்டுத்தானம்மா?"

"மாச மாசம் வர்றது இல்லம்மா அது. கரு சரியான எடத்துல இல்லாததால கர்ப்பப்பையோட உள் படலம் கொஞ்சங் கொஞ்சமா உதிருது. நோயோட ரத்தம்."

மதினி முகத்தில் அப்போது வந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன். "ஏட்டி, அப்ப சடங்குக்கு ஒண்ணும் ஆகல. தீட்டே இல்லையாம்!" என்று ஆரஞ்சுச் சுளையை என் வாயில் வைத்தாள். சிரிக்க நினைத்தேன், தையல் விடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, அவள் சிஸ்டரைத் தனியாக ஓரமாகக் கூட்டிப் போனாள். தாழ்ந்த குரலில்தான் கேட்டாள். ஆனாலும் கேட்டது. "அந்தக் கரு ஆம்பளப் புள்ளையான்னு ஏதும் தெரிஞ்சுதாம்மா?"

"போங்கம்மா அங்கிட்டு. உங்க வீட்டுப் பொம்பள பொழைச்சதே பெருசு" என்றார் சிஸ்டர்.

மதினி வெகுநேரம் வராந்தாவிலேயே நின்றாள்.

என்னைப் போட்டிருந்தது பிரசவம் ஆனவர்கள் இருக்கிற வார்டில். சுற்றிலும் பச்சைப் பிள்ளைகள். யாரைப் பார்க்க யார் வந்தாலும் என் கட்டிலையும் எட்டிப் பார்த்து, "என்ன புள்ள?" என்பார்கள். முதல் தடவை வாய் திறக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினேன். பக்கத்துக் கட்டிலில் மும்தாஜ் என்று ஒரு பெண், மளிகைக்கடை பாய் வீட்டு மருமகள், அவளே சிசேரியன் ஆகி எழ முடியாமல் கிடந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து யார் என் பக்கம் திரும்பினாலும் அவளே முந்திக்கொண்டு, "அக்காவுக்கு வயித்துல கட்டி. எங்கூட வந்து பேசுங்க" என்பாள். அந்தப் பொய்க்கு அவளுக்கு நான் என்ன செய்துவிட முடியும்? அவள் பிள்ளை அழும்போது மட்டும் நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். எனக்கு அது பிள்ளை என்றே தெரியாது. வேண்டும் என்று கேட்டதில்லை, இருக்கிறது என்று அறிந்ததில்லை. அதற்கு அழலாமா கூடாதா என்றுகூட யாரிடமும் கேட்க முடியவில்லை.

கட்டுப் பிரிக்கும்போது பழக்கத்தில் துணியைப் பார்த்தேன். எங்கள் கம்பெனியில் மடிக்கிற அதே ரகம். நாங்கள் மடிக்கும்போது இது யார் வயிற்றுக்குப் போகும் என்று ஒருநாளும் பேசியதில்லை.

கார்த்திகா வந்தால் கட்டிலில் உட்கார மாட்டாள். வாசல் பக்கம் நின்று போனைப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று மீனா சொன்னாள். "ஒனக்குத் தம்பியா தங்கச்சியான்னு கேட்டாகளாம்." நான் மகளைக் கூப்பிட்டேன். வந்தாள். தலையைத் தடவினேன். விலகவுமில்லை, சாயவுமில்லை.

எல்லாவற்றையும்விட என்னை அரித்தது அவர்தான். வருவார், கஞ்சி ஊற்றித் தருவார், குழாயோடு தொங்கிய சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பிடித்துக் கக்கூஸுக்கு நடத்திப் போவார். ஆனால் கர்ப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில் போனவர் சாயங்காலம் வரை ஆளே இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. நான் கிடந்து என்னென்னவோ நினைத்தேன். வெட்கத்தில் போய்விட்டாரா? என் மேல் சந்தேகமா? டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன். "ஆபரேஷன் ஆன பொம்பளைக்கு இது வேற யாராலயும் இல்லாம, புருசனாலயே வரும்னு அவியட்ட சொல்லுங்கம்மா." டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர் அப்படி ஏதும் கேக்கலையேம்மா" என்றார். கேட்காததுதானே எனக்குப் பயம்.

வீட்டுக்கு வந்தும் அப்படியே போனது. தையல் காய்ந்தது. மதினி தன் ஊருக்குத் திரும்பிப் போனாள். நாங்கள் ஒரே வீட்டில் கறி புளி பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தோம்.

காட்டச் சொன்ன தேதியில் இருவரும் வில்லிபுத்தூர் போனோம். டாக்டரம்மா லேப் முடிவைப் படித்துப் பார்த்தார். கிழிந்த குழாயை எடுத்துவிட்டதாகவும், மற்றதையும் மறுபடி கட்டிவிட்டதாகவும், பரிசோதனையில் கெட்டதாக வேறு ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். இனிமேல் நாள் தள்ளிப்போனால், ஆபரேஷன் ஆனவள் என்று இருந்துவிடாமல், உடனே சோதனை பண்ண வேண்டும் என்றார். இதைப் படிக்கிறவர்களுக்கும் அதுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். ஊர் தாண்டியதும் கேட்டுவிட்டேன்.

"ஆபரேஷனுக்கு மறுநாள் பகல் பூரா எங்க போனீய?"

முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தார்.

"மதுரைக்கு."

"எதுக்கு?"

"ஒன் வயித்துல எடுத்தத ஒரு பாட்டில்ல போட்டுக் குடுத்தாக. லேபுல கொண்டுபோய்க் குடுக்கணும்னு. பைக்குள்ள வச்சுக் கொண்டு போங்கன்னாக. பைக்குள்ள வைக்க மனசு வரல பேச்சி. மடியிலயே வச்சிக்கிட்டுப் போனேன். பஸ்ஸு குலுக்குச்சு. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன். அதான் நீ போன் அடிக்கயில எடுக்க முடியல."

என் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"பக்கத்துல இருந்தவரு, என்னண்ணே, மருந்தான்னு கேட்டாரு. ஆமான்னு சொல்லிட்டேன்."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று ஆள் ஏற்றிக் கிளம்பியது. ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"லேபுல பேரு கேட்டாக. ஒன் பேரச் சொன்னேன். பாட்டிலப் பாத்துக்கிட்டே வயசு என்னன்னு கேட்டாக. யாரு வயசக் கேக்காகன்னு எனக்குச் செத்த நேரம் வெளங்கல."